பால்கனிக் கண்ணாடியில் ஒட்டிய தாடைப் படம்

தேவையில்லை என்று மருத்துவரே சொல்லும் ஒரு ஸ்கேனை, எனக்கு நிம்மதி வேண்டும் என்பதற்காக மட்டும் எடுத்துத் தரும்படி கேட்கலாமா? சில வாரங்களாக இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. என் கீழ்த்தாடையில் வலது பக்கம் கடைசியாக இருக்கும் ஞானப்பல்லைப் பற்றிய கேள்வி இது. ஆனால் அதை விளக்க, இடது பக்கத்துப் பல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நாங்கள் ஷார்ஜாவில் இருக்கிறோம். கணவருக்குத் தொழில்பேட்டையில் அலுமினியக் கதவு, ஜன்னல் செய்யும் கம்பெனியில் வேலை. நான் கணிதத்தில் முதுகலை முடித்தவள். கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் பாடம் நடத்தினேன். இங்கே வந்தபிறகு வேலைக்குப் போகவில்லை. எங்களுக்கு ஒரு மகள். இந்தக் கதை தொடங்கும்போது அவளுக்கு இரண்டரை வயது.

அந்த வயதில் அவளிடம் இருந்த சொற்கள் மூன்று: ‘ம்மா’, ‘தா’, ‘நோ’. கட்டடத்தில் அவள் வயதுப் பிள்ளைகள் லிஃப்டில் ஏறியதும் எந்த மாடி என்று கேட்டு பட்டனை அழுத்துவார்கள். இவள் என் சுடிதாரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பேச்சுப் பயிற்சி தரும் அம்மாவிடம் காட்டினோம். காதில் குறையில்லை, மூளையில் குறையில்லை, தாமதம்தான் என்றார். வீட்டில் ஒரே மொழியில் பேசுங்கள், டிவியை அணைத்துவிடுங்கள், தினமும் குழந்தையை எதிரே உட்காரவைத்து உங்கள் வாயைப் பார்க்கச் செய்யுங்கள் என்றார். உதடு சேர்ந்து பிறக்கும் ஒலிகள்தான் கண்ணுக்குத் தெரியும், அவற்றிலிருந்து தொடங்குங்கள் என்றும் சொன்னார்.

ஆகவே தினமும் காலையில் கணவர் டியூட்டிக்குக் கிளம்பியதும் நானும் மகளும் அலமாரிக் கண்ணாடி முன் உட்காருவோம். பால். பந்து. மாமா. பப்பு. ஒவ்வொரு சொல்லையும் உதட்டை அழுத்தி மூடி, சட்டென்று திறந்து சொல்லுவேன். அவள் என் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு பார்ப்பாள். பள்ளியில் நாற்பது பிள்ளைகளுக்கு முன் நின்றதைவிட இந்த ஒரு பிள்ளைக்கு முன் எனக்கு அதிகப் பதற்றம். நான் ‘ப’ சொல்வது சரியாக இருக்கிறதா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

இந்த நாட்களில்தான் இடது பக்கக் கடைவாயில் வலி தொடங்கியது. ஈறு வீங்கும், இரண்டு நாளில் வடியும், மூன்று வாரத்தில் மறுபடி வரும். மூன்றாவது முறை வாயைத் திறக்கவே முடியாமல் போனதும் பக்கத்துக் கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் ஒரு மலையாளப் பெண்மணி. தாடை முழுவதையும் ஒரே படமாக எடுக்கும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எடுத்துத் திரையில் காட்டினார். கீழே இரண்டு பக்கமும் ஞானப்பற்கள் சாய்ந்து படுத்திருந்தன. இடது பக்கத்துப் பல்லின் வேருக்கு அடியில் பேனாவால் ஒரு கோடு போல் காட்டினார்.

“இது நரம்பு போகுன்ன குழாய். ரெண்டு பக்கமும் வெள்ளை வரை, கோடு, தெரியுதில்லே? வேர்கிட்ட வந்ததும் அந்த வரை மாய்ஞ்சு போச்சு. வேரும் அங்க கறுத்திருக்கு.”

“அப்படின்னா என்ன டாக்டர்?”

“ஒட்டியிருக்கலாம். சும்மா முன்னும் பின்னுமா இருக்கவும் செய்யலாம். இது பரந்த படம், இதில அறிய முடியாது. திரீ டி ஸ்கேன் ஒண்ணு எடுத்துட்டு வாங்க. அது பார்த்திட்டுத்தான் நான் பல்லுல கை வைப்பேன்.”

நரம்பு நசுங்கினால் என்ன ஆகும் என்று கேட்டேன். கீழுதடும் தாடையும் மரத்துப்போகலாம் என்றார். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும், சிலருக்கு மாதங்கள் ஆகும், அபூர்வமாகச் சிலருக்கு அப்படியே நின்றுவிடும். உதடு அசையும், ஆனால் அசைவது தெரியாது. காபி வழிவது தெரியாது. அவர் இதையெல்லாம் பயமுறுத்தும் குரலில் சொல்லவில்லை. எல்லோருக்கும் சொல்ல வேண்டியது, சொல்லுகிறேன் என்றுதான் சொன்னார். நான் கேட்டது ஒன்றே ஒன்று: உதடு மரத்துப்போனால் ‘ப’ எப்படிச் சொல்வேன்?

ஸ்கேனுக்கு ஒரு சீட்டு எழுதித் தந்தார். எக்ஸ்ரே ஃபிலிமையும் பழுப்பு உறையில் போட்டுக் கொடுத்தார்கள்.

இங்கே இருக்கும் நம் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. இங்கே ஒரு டாக்டரிடம் காட்டுவோம், ஊரில் ஒரு டாக்டரிடம் கேட்போம். ரத்தப் பரிசோதனை, கண் கண்ணாடிச் சீட்டு, பிள்ளையின் முதுகில் வந்த தடிப்பு எல்லாமே வாட்ஸ்அப்பில் ஊருக்குப் போய் வரும். எங்கள் வீட்டுக்குப் பல் என்றால் கணவரின் அக்கா மாப்பிள்ளை. கணவருக்கு அத்தான், எனக்கு அண்ணன் முறை. பாளையங்கோட்டையில் அவருக்குச் சொந்தக் கிளினிக் இருக்கிறது. கணவர் வீட்டில் ஒருவர் விடாமல் எல்லோர் வாயையும் பார்த்தவர். ஒருவரிடமும் ஒரு பைசா வாங்காதவர்.

“ஸ்கேன்லாம் அப்புறம் பாப்போம். மொதல்ல அத்தானுக்குப் படத்த அனுப்பு,” என்றார் கணவர். “இங்க எதுக்கெடுத்தாலும் ஒரு ஸ்கேன் எழுதுவாங்க. இன்ஷூரன்ஸ்லயும் பல்லு கிடையாது.”

மறுநாள் காலை ஃபிலிமை பால்கனிக் கதவின் கண்ணாடியில் ஒட்டினேன். வெளியே நல்ல வெயில். படம் துல்லியமாகத் தெரிந்தது. ஃபிலிமின் மேல் ஓரத்தில் பொடி எழுத்தில் என் பெயர், வயது, ஃபைல் எண் எல்லாம் இருந்தன. சொந்த விவரங்களை ஃபோனில் யாருக்கும் அனுப்பாதீர்கள், மோசடி நடக்கிறது என்று கணவர் கம்பெனியில் அந்த வாரம்தான் சுற்றறிக்கை வந்திருந்தது. அண்ணனுக்கு அனுப்புவதில் என்ன மோசடி? ஆனால் எனக்கு ஒரு விதி சொல்லிவிட்டால் போதும், கடைப்பிடித்துவிடுவேன். ஃபோனில் படம் எடுத்து, அதன் நான்கு ஓரங்களையும் வெட்டிவிட்டு, பற்கள் மட்டும் தெரியும்படி அனுப்பினேன்.

மதியம் அவரிடமிருந்து குரல் பதிவு வந்தது.

“ஏம்மா, படம் பாத்தேன். வலி இடது பக்கம்னுதான சொன்ன? அது சுத்தமா இருக்கு. நரம்பு கீழ தள்ளிப் போவுது. வலது பக்கம்தான் நரம்பு மேல உக்காந்த மாதிரி தெரியுது. அது வலிக்கலேல்லா? அத இப்பம் தொட வேண்டாம். லீவுக்கு வாரியள்லா, இடத நானே எடுத்துத் தாரேன். இதுக்குப் போயி பயப்படாத.”

அந்தப் பதிவை மூன்று முறை கேட்டேன். இங்கே உள்ள டாக்டர் நரம்பை ஒட்டியிருப்பதாகச் சொன்னது இடது பக்கம். அண்ணன் சொன்னது வலது பக்கம். படம் ஒன்று, பதில் இரண்டு. நான் கணக்கு படித்தவள். இரண்டு விடைகள் நேர் எதிராக வந்தால் எங்கோ ஒரு குறி மாறியிருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். ஆனால் அன்றைக்கு எனக்குப் பிடித்த விடையை நான் எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. இங்கே டாக்டர் வேறு மாதிரி சொன்னார் என்று அண்ணனிடம் நான் சொல்லவே இல்லை. சொன்னால் அவரைச் சோதித்துப் பார்த்த மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். காசு வாங்காமல் பார்க்கிற மனிதரிடம் போய், “அவங்க இப்படிச் சொன்னாங்களே” என்று எப்படிக் கேட்பது? அவர் மனைவி, என் மதினி காதில் விழுந்தால் என்ன நினைப்பார்கள்? “சரி அண்ணே, ரொம்ப தாங்க்ஸ்” என்று மட்டும் அனுப்பினேன். கூப்பிய கைகளின் படம் ஒன்றும் சேர்த்து அனுப்பினேன்.

ஸ்கேன் சீட்டு அலமாரி இழுப்பறைக்குள் போனது. லீவு உறுதியானது, டிக்கெட் போட்டோம். ஊரில் இறங்கிய மூன்றாம் நாள் பல் எடுப்பது, பத்தாம் நாள் திருச்செந்தூர் போவது என்று மாமியார் வரை எல்லோரும் சேர்ந்து திட்டம் போட்டார்கள்.

கிளம்ப இன்னும் ஐந்து நாள் இருந்தபோது, வழக்கம்போல் காலையில் கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தோம். அன்று ‘ஆ’ பாடம். நான் வாயை அகலமாகத் திறந்து ‘ஆ’ என்றதும் மகள் விரலை உள்ளே விட்டு ஒரு பல்லைத் தட்டினாள். கல்லூரியில் படிக்கும்போது வேர் சிகிச்சை செய்து உலோகக் கேப் போட்ட பல் அது. அவளுக்கு அது எப்போதும் வேடிக்கை. ஸ்பூனால்கூடத் தட்டிப் பார்ப்பாள். அன்றும் தட்டிவிட்டுச் சிரித்தாள்.

வலது பக்கக் கீழ்ப்பல்.

அந்தக் கேப் எக்ஸ்ரேயில் பளிச்சென்ற வெள்ளைத் திட்டாக இருந்தது நினைவுக்கு வந்தது. எந்தப் பக்கம் இருந்தது என்பது மட்டும் நினைவில்லை. மகளை மடியில் வைத்தபடியே ஃபோனில் படத்தைத் திறந்தேன். வெள்ளைத் திட்டு, பார்ப்பவருக்கு வலது பக்கத்தில் இருந்தது.

முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. என் வலது, படத்திலும் வலது. அப்புறம் கிளினிக் ஞாபகம் வந்தது. அன்று டாக்டர் இடது பல்லைக் காட்டப் பேனாவை வைத்தது திரையின் வலது ஓரத்தில். நோயாளி எதிரே நிற்பதுபோல்தான் படத்தைப் பார்க்க வேண்டும், உங்கள் இடது எனக்கு வலது என்று அவரே சொல்லியிருந்தார். அப்படியானால் என் கேப் படத்தில் இடது ஓரத்தில் அல்லவா இருக்க வேண்டும்?

நான்தான் குழப்பிக்கொள்கிறேன் என்று நினைத்தேன். என்னை நானே சந்தேகப்படுவது எனக்குப் பழக்கம். எழுந்துபோய் அலமாரியின் மேலிருந்து பழுப்பு உறையை எடுத்தேன். ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஓரத்தில் இடது பக்கத்தைக் குறிக்கும் ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து. ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் நேராக இருந்தது, திருப்பினால் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறித் திரும்பியிருந்தது. என் பெயரும் அப்படித்தான். நான் எந்தப் பக்கத்தைப் பார்த்துப் படம் எடுத்தேன்? அதற்குச் சாட்சி ஃபிலிமிலேயே இருந்தது. கண்ணாடியில் ஒட்டிய செல்லோ டேப்பின் துண்டு ஒன்று மேல் மூலையில் பிய்யாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. டேப் என் பக்கமாகத்தானே இருந்திருக்கும்? அந்தப் பக்கத்தில் என் பெயர் திரும்பியிருந்தது.

ஃபிலிமைப் பின்புறமாக ஒட்டியிருக்கிறேன். திரும்பிய எழுத்து எதுவும் கண்ணில் படாதபடி ஓரங்களையும் ஒழுங்காக வெட்டியிருக்கிறேன்.

அண்ணன் ‘சுத்தமாக இருக்கிறது’ என்று சொன்ன பல், வலிக்காத வலது பல். ‘நரம்பு மேல் உட்கார்ந்திருக்கிறது’ என்று சொன்ன பல், அவர் இன்னும் எட்டு நாளில் எடுக்கப்போகிற இடது பல்.

கணவருக்கு ஃபோன் செய்தேன். பின்னணியில் கட்டர் மெஷின் சத்தம்.

“நான் படத்த மாத்தி எடுத்து அனுப்பிட்டேன்.”

“எந்தப் படம்?”

“பல்லுப் படம். பின்பக்கமா ஒட்டிட்டேன். அண்ணன் சொன்னது எல்லாம் தலைகீழ்.”

அவர் வெளியே நடந்து வந்தார் போல, மெஷின் சத்தம் குறைந்தது. பிறகு, “நீ கரெக்டா பாத்தியா? உனக்குத்தான் எல்லாத்துலயும் டவுட்டு வருமே,” என்றார்.

“டேப் இருக்குங்க. டேப்புக்கு டவுட்டு வராது.”

“சரி, வச்சிரு. சாயங்காலம் அத்தான்ட்ட நான் பேசுதேன்.”

“இல்ல. நானே பேசுறேன்.”

அப்படிச் சொன்னது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஃபிலிமை இந்த முறை எழுத்து நேராகத் தெரியும்படி ஒட்டி, ஓரம் வெட்டாமல், பெயர், வயது, எண் எல்லாவற்றோடும் அனுப்பிவிட்டு அண்ணனைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவர் புதுப் படத்தைத் திறந்து பார்த்தார்.

“ஆமாம்மா. மாறித்தான் இருக்கு,” என்றார். “அங்க பாத்த டாக்டர் என்ன சொன்னாவ?”

“இடது பக்கம் நரம்ப ஒட்டியிருக்கலாம், ஸ்கேன் எடுக்காமத் தொட மாட்டேன்னு சொன்னாங்க அண்ணே.”

“மொதல்லயே சொன்னாவளா?”

“ஆமா.”

“அத ஏன் ஏங்கிட்டச் சொல்லல?”

“உங்கள சந்தேகப்பட்ட மாதிரி ஆயிருமேன்னு…”

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். “நல்ல மரியாதைம்மா. ஒதடு மரத்துப்போன பெறவு அந்த மரியாதைய வச்சு நாம ரெண்டு பேரும் என்ன செய்ய?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். குரல் இறங்கியது.

“நானும் எழுத்து எங்கன்னு கேட்டிருக்கணும். கேக்கல. நம்ம வீட்டுப் பிள்ள அனுப்புனதுதானன்னு பாத்துட்டேன். வெளியாள் அனுப்பிருந்தா கேட்டிருப்பேன். நீ அந்த ஸ்கேன எடு. எடுத்துட்டு அந்த டாக்டர்ட்டயே போ. அவுங்க ஒழுங்கான ஆளுன்னு தோணுது.”

ஊருக்குப் போயிருந்தால், நாற்காலியில் உட்கார வைப்பதற்கு முன் அவர் தன் கிளினிக்கில் ஒரு சின்ன எக்ஸ்ரேயாவது எடுத்துப் பார்த்திருப்பார், அப்போது தெரிந்திருக்கும் என்று கணவர் இன்றைக்கும் சொல்கிறார். இருக்கலாம். அண்ணனிடம் நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

டிக்கெட்டை மூன்று வாரம் தள்ளிப் போட்டோம். மதினி ஃபோனில் பிடித்துக்கொண்டார்கள். “ஒங்க அண்ணன் கொறடத் தொடச்சி வச்சுட்டு உக்காந்திருக்காவ, நீ என்னன்னா ஒத்தப் பல்லுக்கு ஏரோப்ளேன நிறுத்துத!” நான் சிரித்தேன். நடந்த விவரத்தை அண்ணன் வீட்டில் சொல்லவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

ஸ்கேன் சென்டரில் ஒரு ஃபிலிப்பினோப் பெண் இருந்தாள். நிரப்பித் தரச் சொன்ன தாளில் ‘கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா’ என்ற கட்டம். இல்லை என்று போட்டேன். இரண்டு அடி நடந்து திரும்பி வந்து, நாட்களை எண்ணிப் பார்த்துவிட்டு, மறுபடி இல்லை என்றேன். “ஓகே மம்மி, நோ ப்ராப்ளம்,” என்று சிரித்தாள். நாடியை ஒரு தாங்கியில் வைத்து, ஒரு குச்சியைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எச்சில் விழுங்கக் கூடாது. இயந்திரம் தலையைச் சுற்றி ஒரு முறை மெதுவாக வந்து நின்றது. மகளைக் குளிப்பாட்டித் துண்டு சுற்ற எடுக்கும் நேரம்கூட ஆகவில்லை. ஒருமுறைக்கு இருமுறையாக, எந்தப் பக்கம் எடுத்தீர்கள் என்று கேட்டேன். அவள் திரையைத் திருப்பி எழுத்தைக் காட்டினாள்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் அந்த ஸ்கேனைத் திறந்தார். ஓ.பி.ஜி.யில் நான் பார்த்தது ஒரு தட்டையான தாடை. இது வேறு. வாழைத்தண்டை வட்டம் வட்டமாக நறுக்கி ஒவ்வொன்றாக அடுக்கிக் காட்டுவதுபோல், எலும்பைத் துண்டு துண்டாக நகர்த்திக்கொண்டே போனார். நரம்புக் குழாய் ஒரு சின்னக் கறுப்பு வளையமாகத் தெரிந்தது. முன்பக்கத் துண்டுகளில் அது உருண்டையாக, சுற்றிலும் வெள்ளை விளிம்போடு இருந்தது. ஞானப்பல்லுக்கு அடியில் வந்ததும் அமுங்கித் தட்டையாயிற்று. விளிம்பு காணாமல் போனது. இரண்டு வேர்களுக்கு நடுவில், ஒரு பள்ளத்தில், பல்லைத் தொட்டபடி போயிற்று.

“இத முழுசா இழுத்தா?” என்று கேட்டேன்.

“இழுக்கும்போ நரம்பும் கூடச் சேர்ந்து நசுங்கலாம். அதான் பார்த்திட்டுச் செய்யணும்னு சொன்னது. பேடிக்க வேண்டா, வேற வழி உண்டு.”

பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, வேரை அப்படியே எலும்புக்குள் விட்டுவிடுவது. வலிக்கும் வீக்கத்துக்கும் காரணம் ஈறுக்கு மேல் பாதி எட்டிப்பார்க்கும் தலைதான், அது போனால் போதும். வேர் பிற்காலத்தில் கொஞ்சம் மேலே நகரலாம், நகர்ந்தால் நரம்பைவிட்டு விலகிவிடும், அப்போது தேவைப்பட்டால் எடுக்கலாம். சிலருக்குத் தொற்று வந்து மறுபடி திறக்க வேண்டியும் வரலாம். இதையும் மறைக்காமல் சொன்னார். நான் அங்கேயே அண்ணனுக்கு ஃபோன் போட்டு டாக்டரிடம் கொடுத்தேன். இருவரும் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

ஒரு வியாழக்கிழமை காலை அந்தப் பல்லின் தலையை எடுத்தார்கள். மரப்பு ஊசி போட்டதால் வலி இல்லை. சத்தம்தான் மண்டைக்குள் ஓடியது. பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கணவர் அரைநாள் லீவு போட்டுக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார். மகள் ஓடிவந்து என் முகத்தைப் பார்த்தாள். வழக்கப்படி என் கீழுதட்டில் விரலை வைத்தாள். எனக்குத் தெரியவில்லை. அலமாரிக் கண்ணாடியில் அவள் விரல் என் உதட்டின் மேல் இருப்பதைப் பார்த்தேன். அது வேறு யாருடைய உதடோ போல் இருந்தது. ‘ப’ சொல்லிப் பார்த்தேன். சத்தம் வந்தது. உதடு சேர்ந்ததா இல்லையா என்பதைக் கண்ணாடியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஊசியின் மரப்பு மூன்று நான்கு மணி நேரம் இருக்கும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை காது குடையும் பஞ்சுக் குச்சியால் தாடையைத் தொட்டுக்கொண்டிருந்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. கணவர் குச்சியைப் பிடுங்கி வைத்தார். நான் இன்னொன்று எடுத்தேன். மாலைத் தொழுகைக்குப் பக்கத்துப் பள்ளிவாசலில் அழைப்பு வந்தபோது நாடியின் நடுவில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. அது வாய் ஓரத்திலிருந்து உதட்டின் நடுவுக்கு மெல்லப் பரவியது. கஞ்சி ஒரு சொட்டு வழிந்தது. வழிந்தது எனக்குத் தெரிந்தது. துடைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து மறுபடி கண்ணாடி முன் உட்கார்ந்தோம். இப்போது மகளுக்கு மூன்று வயது நெருங்குகிறது. சொற்களை நாங்கள் எண்ணுவதை நிறுத்திவிட்டோம். ‘பப்பு வேணா, நூடுல்ஸ்’ என்கிறாள். பல்லுக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாக நான் சொல்ல மாட்டேன். வயது கூடியதும் பேச்சு தானாக வந்திருக்கும்.

இனி வலது பல். இரண்டு மாதமாக அதன் மேல் ஈறும் லேசாக வீங்கி வடிகிறது. அடுத்த வருடம் இரண்டாவது குழந்தைக்கு யோசிக்கிறோம். அதற்கு முன் எடுத்துவிடுவது நல்லது என்று டாக்டரும் சொல்கிறார். ஸ்கேன் வேண்டாமா என்று கேட்டேன். ஓ.பி.ஜி.யில் வலது பக்கம் வேருக்கும் நரம்புக் குழாய்க்கும் நடுவில் நல்ல இடைவெளி இருக்கிறது, வெள்ளைக் கோடு எங்கும் அறுபடவில்லை என்றார். “நான் ஸ்கேன் எழுதினா அத வச்சு வேற மாதிரி ஒண்ணும் செய்யப் போறதில்லை. வெறுதே எதுக்குக் கதிர்வீச்சு வாங்கிக்கணும்?” அண்ணனிடமும் கேட்டேன். இந்த முறை டாக்டர் சொன்னதைச் சொல்லிவிட்டே கேட்டேன். படத்தையும் நேராக, ஓரம் வெட்டாமல் அனுப்பினேன். அவரும் அதையேதான் சொன்னார்: “வேண்டாம்மா. இது சுத்தமா இருக்கு.”

முன்பு இரண்டு டாக்டர்கள் இரண்டு பதில் சொன்னார்கள், எனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டேன். இப்போது இருவரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள், அதை எடுத்துக்கொள்ள முடியவில்லை. ‘சுத்தமா இருக்கு’ என்ற அதே சொல்லை ஒருமுறை நம்பி ஏமாந்ததாக ஒரு நினைப்பு. ஆனால் அன்று தவறியது அவர் கண் அல்ல, என் கை. அதுவும் தெரிகிறது. தெரிந்தும், அந்தக் கறுப்பு வளையத்தை என் கண்ணால் பார்த்தால்தான் வாயைத் திறப்பேன் போலிருக்கிறது. கணவர் கேட்கிறார்: “வலது பக்கத்த எடுத்துப் பாத்துட்டு, மேல ரெண்டு பல்லுக்கும் எடுக்கச் சொல்லுவியா?” இல்லை என்று உடனே சொல்ல எனக்கு வரவில்லை.

அடுத்த மாதம் பல் எடுக்க நாள் குறித்திருக்கிறோம். ஆகவே படிக்கிறவர்களிடம் கேட்கிறேன். உங்களில் யாருக்காவது டாக்டர் ஸ்கேன் தேவையில்லை என்று சொல்லியும், கேட்டு எடுத்துக்கொண்ட அனுபவம் உண்டா? எடுத்தபிறகு நிம்மதி வந்ததா, அல்லது அந்தப் படத்தில் பயப்பட வேறொன்று கிடைத்ததா? கேட்காமல் டாக்டரை நம்பி நாற்காலியில் உட்கார்ந்தவர்கள், அந்த நம்பிக்கையை எப்படி வரவழைத்துக்கொண்டீர்கள் என்று சொல்லுங்கள். குறிப்பாகச் சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள் எழுதுங்கள். அதுவரை ஸ்கேன் கேட்கவும் மாட்டேன், வேண்டாம் என்று முடிவு செய்யவும் மாட்டேன்.